எந்த ஊர்த் தண்ணீர், எந்த ஊர்த் தீவனம்: மதுரைச் சமவெளியில் உணவின் பிறப்பிடத்தைச் சோதித்தறிதல்

பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வடுகபட்டிச் சந்தையில் பூண்டு வியாபாரம் கண்ணாலும் மூக்காலும் நடக்கிறது. கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைந்து இறங்கும் பூண்டும், வட மாநிலங்களிலிருந்து லாரியில் வரும் பூண்டும் இங்கே மூட்டை பிரிகின்றன. பழுத்த வியாபாரி ஒரு பல்லைப் பிரித்து, தோலை நகத்தால் கீறி, மோந்து பார்த்து, எது மலைப்பூண்டு என்று சொல்லிவிடுவார். மதுரையில் கால் கிலோ வாங்குபவருக்கு அந்த மூக்கு இல்லை. மளிகைக்கடை அட்டையில் ‘மலைப்பூண்டு’ என்று எழுதியிருப்பதை நம்பித்தான் அவர் கூடுதல் விலை கொடுக்கிறார். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சட்டம் அந்தப் பெயரைக் காப்பதாக வாக்குக் கொடுத்தது. மூட்டையில் இருப்பது அந்த மலையில் விளைந்ததுதானா என்று கண்டுபிடிக்கும் வழியை அது கொடுக்கவில்லை.

மதுரையைச் சுற்றி இப்படிப் பெயர் பெற்ற உணவுப் பொருள்கள் ஏராளம். விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகள் 2008-லேயே பதிவாயின. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் சேர்ந்தன. 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2023-இல் சோழவந்தான் வெற்றிலை, கம்பம் பன்னீர் திராட்சை, இராமநாதபுரம் முண்டு மிளகாய். நூற்றைம்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இத்தனை பெயர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் சில நூறு குடும்பங்களின் பிழைப்பு இருக்கிறது. பெயரைத் திருடுவது அந்தக் குடும்பங்களின் கூலியைத் திருடுவதுதான்.

1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், போலிப் பெயருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனை கடுமையானதுதான். ஆனால் வழக்கு நிற்க வேண்டுமானால் சான்று வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தில் இருக்கும் ஆவணம் எல்லைக் கோட்டை வரைபடத்தில் காட்டும். ஒரு பல் பூண்டின்மேல் அந்தக் கோடு இல்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: மதுரை வட்டாரத்தில் உணவின் பிறப்பிடத்தை வேதியியலால் சோதிக்க முடியும், ஆனால் அந்தச் சோதனை மாவட்ட எல்லைகளைப் பின்பற்றினால் தோற்கும். பயிர் குடித்த தண்ணீரையும் மாடு தின்ற தீவனத்தையும் பின்பற்றினால்தான் நிற்கும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறப்பிடச் சோதனை என்றவுடன் பலரும் டிஎன்ஏவை நினைக்கிறார்கள். பாசுமதி அரிசியில் கலப்படம் கண்டுபிடிக்க டிஎன்ஏ பயன்படுவதால் வந்த எண்ணம் இது. டிஎன்ஏ சொல்வது ரகத்தை. விளைந்த இடத்தை அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஐரோப்பாவிலிருந்து வந்த மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதன் மரபணுவைப் படித்தால் கம்பம் என்ற பெயர் எங்கும் வராது. மதுரை மல்லியின் கதையும் அப்படியே. 2013-இல் குறியீடு பெற்ற அந்தப் பூவின் நாற்றுகள் இராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்திலிருந்து வருபவை. செடி ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் பூக்கிறது. அந்த வேறிடத்தின் மண்ணும் நீரும் வெயிலும் சேர்ந்துதான் பெயரைத் தருகின்றன. ஆகவே சோதனை தேட வேண்டியது மண்ணும் நீரும் வெயிலும் பொருளுக்குள் விட்டுச்சென்ற தடயத்தை.

அந்தத் தடயங்களில் நம்பகமானவை நிலையான ஐசோடோப்புகள். இயற்கையிலுள்ள கார்பனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சற்றுக் கனமான கார்பன்-13. ஆக்சிஜனில் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆக்சிஜன்-18. இந்த விகிதங்கள் இடத்துக்கு இடம் மிக நுட்பமாக மாறுகின்றன. மேகம் மலையேறும்போது கனமான ஆக்சிஜன் முதலில் மழையாக உதிர்ந்துவிடும். ஆகவே உயரத்தில் பெய்யும் மழையில் ஆக்சிஜன்-18 குறைவு. நூறு மீட்டர் உயரத்துக்கு ஆயிரத்தில் 0.2 முதல் 0.3 வரை குறையும் என்பது உலகெங்கும் மலைச்சரிவுகளில் கண்ட பொது அளவு. மதுரை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 130 மீட்டர். பூம்பாறை 1,900 மீட்டர் அளவில் இருக்கிறது. இந்த உயர வேறுபாடு மட்டுமே ஆயிரத்தில் மூன்றரை முதல் ஐந்து வரை வித்தியாசம் காட்ட வேண்டும். நல்ல நிறை நிறமாலைமானி ஆயிரத்தில் ஒன்றின் சிறு பின்னத்தைக்கூடப் பிரித்துக் காட்டும். அதன் கண்ணுக்கு இது பெரிய இடைவெளி.

ஆனால் போலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் எதை அளப்பது என்பது அமையும். மலைப்பூண்டு என்ற பெயரில் விற்கப்படுவது வடக்கத்திச் சமவெளிப் பூண்டு என்றால் ஆக்சிஜன் உதவும். அதுவே இமாச்சல மலையில் விளைந்தது என்றால், அங்கும் உயரம் இருக்கிறது; ஆக்சிஜன் கைவிட்டுவிடும். அப்போது பாறையைத்தான் கேட்க வேண்டும். பழனிமலைத் தொடர் பழமையான சார்னகைட் பாறையால் ஆனது. இமயத்தின் மண் வேறு பாறைகள் சிதைந்து வந்தது. பூண்டு அந்த மண்ணிலிருந்து உறிஞ்சும் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், மாங்கனீசு ஆகியவற்றின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு மலைகளையும் பிரிக்க வாய்ப்பு உண்டு. அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் விவசாயி இடும் பாஸ்பேட் உரத்தின் மூலப்பாறை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. அதுவும் தன் ஸ்ட்ரான்சியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். எந்த ஓர் அளவும் தனித்து நின்று சாட்சி சொல்லாது.

சமவெளிக்கு இறங்கினால் சிக்கல் இன்னும் சுவையானது. மதுரைச் சமவெளியின் நெல்லும் வெற்றிலையும் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு மதுரையில் பெய்த மழை அன்று. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை, அரபிக்கடலுக்குப் போக வேண்டிய நீரைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. அந்த நீர் சுருளியாற்றின் வழியே வைகையில் கலந்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குப் பிரிகிறது. கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகம். அதற்குக் கிழக்கே மேலூர்ப் பகுதியும், தெற்கே திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் சேர்ந்து சுமார் 1,05,000 ஏக்கர் ஒருபோகம். மேலூர் நெல்மணியில் இருக்கும் ஆக்சிஜனில் ஒரு பங்கு தேக்கடிக் காட்டில் பெய்த மழையிலிருந்து வந்தது.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழையில் ஆக்சிஜன்-18 தென்மேற்குப் பருவமழையில் உள்ளதைவிடக் குறைவு என்பது ஆய்வுகளில் உறுதியானது. மதுரையில் நேரடியாகப் பெய்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை. பெரியாற்றில் வருவது பெரும்பாலும் ஆனி, ஆடியில் மேற்கு மலையில் பெய்தது. பருவம் அதன் ஆக்சிஜன்-18ஐக் கூட்டிக் காட்டும். மலை உயரம் குறைத்துக் காட்டும். பிறகு அந்த நீர் கண்மாயில் வாரக்கணக்கில் கிடந்து வெயிலில் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முதலில் பறந்து, மிஞ்சும் நீர் மறுபடி கனக்கும். மடைக்குப் பக்கத்து வயலுக்கும் கடைமடை வயலுக்கும்கூட இதனால் வேறுபாடு வரலாம். கிணற்றுப் பாசனம் மட்டும் உள்ள பக்கத்து ஊரின் நெல் இன்னொரு கணக்கைக் காட்டும். மதுரை மாவட்டத்துக்கு ஒரே சராசரி எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ‘இது மதுரை நெல்’, ‘இது மதுரை நெல் அன்று’ என்று தீர்ப்புச் சொல்லும் ஆய்வகம், மேலூர்க்காரரைப் போலி என்று தள்ளிவிட்டு, எங்கிருந்தோ வந்த மூட்டைக்குச் சான்றிதழ் கொடுத்துவிடும்.

வைகைக் கரையிலுள்ள சோழவந்தான் வெற்றிலைக்கும் இது பொருந்தும். அகத்தியில் படரவிட்டு வளர்க்கும் கொடிக்காலில் மண் காயவே விடுவதில்லை. கொடியின் ஒவ்வோர் இலையும் அந்தப் பாசன நீரின் பதிவேடு. கவுளி கட்டி அனுப்பும்போது காரமும் நிறமும் பார்த்து ‘சோழவந்தான்’ என்று சொல்லும் வியாபாரிகள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய தேர்ச்சியை நீதிமன்றம் ஏற்கும் வடிவத்துக்கு மாற்ற, கொடிக்கால் வாரியாக இலை மாதிரி எடுத்து அளந்து வைத்த ஒரு தொகுதி வேண்டும்.

பயிரைவிடக் கடினமான கணக்கு பால். பயிர் நிற்கும் இடத்தில்தான் குடிக்கும். மாட்டின் தீவனமோ லாரியில் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எடுத்துக்கொள்ளலாம். விறகடுப்பின் மேல் இரும்புச் சட்டியில் பாலும் சர்க்கரையும் கொதித்துச் சுண்டும்வரை கை ஓயாமல் கிண்டி எடுக்கும் பண்டம் அது. அந்த ஊரின் பால் என்றால் என்ன? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மேயும் மாட்டின் பாலா? மேலூரிலிருந்து வந்த வைக்கோலையும், விருதுநகர்ச் சந்தையில் வாங்கிய பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையும், வேறு மாநிலத்து மக்காச்சோளத்தில் அரைத்த கலப்புத் தீவனத்தையும் தின்று தொழுவத்தில் நிற்கும் மாட்டின் பாலா?

இங்கே கார்பன் பேசுகிறது. நெல், பருத்தி, கடலை போன்றவை ஒருவிதமாக ஒளிச்சேர்க்கை செய்பவை. சோளம், மக்காச்சோளம், கம்பு நேப்பியர் புல், கரும்பு ஆகியவை இன்னொரு விதம். முதல் வகையில் கார்பன்-13 குறைவு. பன்னாட்டு அளவுகோலுக்குக் கீழே ஆயிரத்தில் 24 முதல் 30 வரை. இரண்டாம் வகையில் ஏறத்தாழ 10 முதல் 14 வரைதான். மாடு எதைத் தின்றதோ அதன் விகிதம் சிறு மாற்றத்தோடு பாலுக்கு வந்துவிடும். வைக்கோலும் தவிடும் பருத்திக்கொட்டையும் தின்ற மாட்டின் பாலும், சோளத்தட்டையும் மக்காச்சோள மாவும் தின்ற மாட்டின் பாலும் கருவியில் தூரத் தூர விழும்.

பால்கோவாவில் ஒரு பொறி இருக்கிறது. அதில் சேரும் சர்க்கரை கரும்பிலிருந்து வந்தது, அதாவது இரண்டாம் வகை. பண்டத்தை அப்படியே எரித்து அளந்தால், வைக்கோல் தின்ற மாட்டின் பாலும் பாதி மக்காச்சோளம் தின்றதாகத் தோன்றும். எனவே வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கொழுப்பைக் கரைப்பானால் நீக்கி, அமிலம் விட்டு அமிலகாரக் குறியீட்டை 4.6க்கு இறக்கினால் கேசின் புரதம் திரியும். அதைச் சர்க்கரை ஒட்டாமல் பலமுறை கழுவி உலர்த்தித்தான் அளக்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் அறிக்கையின் மற்ற பக்கங்களுக்கு மதிப்பில்லை.

சட்டம் இதில் எதைக் கேட்கிறது? தயாரிப்புப் பண்டமானால் உற்பத்தி, பதப்படுத்தல், ஆக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்த எல்லைக்குள் நடந்தால் போதும் என்கிறது இந்தியச் சட்டத்தின் வரையறை. ஐரோப்பிய ஒன்றியம் இதை இரண்டு படியாகப் பிரித்து வைத்திருக்கிறது: எல்லாக் கட்டமும் அதே மண்ணில் நடக்க வேண்டிய பெயர் ஒன்று, ஒரு கட்டமாவது நடந்தால் போதும் என்ற பெயர் இன்னொன்று. நம்மிடம் அந்தப் பிரிவு இல்லாததால், பாலின் பிறப்பிடத்தை வலியுறுத்த விரும்பும் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதைத் தன் லேபிளில் தனித்துக் காட்ட வழியில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் பிறப்பிடம் என்பது முதன்மையாகக் கோயிலின் செய்முறையும் பிரசாதம் என்ற தகுதியும்தான். அதில் சேரும் மலைவாழைக்கு மட்டும் தனிச் சோதனை பொருந்தும். எல்லாப் பெயருக்கும் ஒரே சோதனை என்று கிளம்பினால் தொடக்கத்திலேயே தடுக்கி விழ நேரும்.

தீவனத்தை அறியாமல் பாலை அளப்பதன் ஆபத்து 2024-இல் நாடு முழுக்கத் தெரிந்தது. திருப்பதி லட்டு நெய் சர்ச்சையில், ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வகம் முக்கிளிசரைடு அளவுகளை வைத்து நெய்யின் தூய்மையைச் சோதித்தது. மாட்டுக்குப் பருத்தி, கடுகு, பனை போன்ற தாவர எண்ணெய் மிகுந்த தீவனம் கொடுத்திருந்தாலோ, மாடு கடுமையாகப் பட்டினி கிடந்திருந்தாலோ தூய நெய்யும் இந்தச் சோதனையில் தவறக்கூடும் என்பதை அறிக்கையின் பின்னிணைப்பே சொன்னது. வழக்கு யாருக்கு எதிராக எப்படி முடிந்தாலும், தென்மாவட்டங்களுக்கு இதில் தனிப் பாடம் உண்டு. இங்கே கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்து அரைத்துக் கொடுப்பது தலைமுறை வழக்கம். வேறு நாட்டு மாடுகளின் பாலை வைத்து வரைந்த எல்லைக்குள் நம் நெய் எங்கே விழும் என்று நாமே அளந்து வைத்திருக்க வேண்டாமா?

பிறப்பிடச் சோதனை பெயருக்கும் விலைக்கும் மட்டுமான சங்கதி அன்று. உடல்நலமும் அதில் அடங்கியிருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு 5.7-இல், அஃப்ளடாக்சின் எம்1 என்ற நஞ்சு வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கையில் முதலில் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவை ஈரத்தோடு அடைபட்டால் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சை மாட்டின் ஈரல் உருமாற்றிப் பாலில் விடும். காய்ச்சினாலும் அது போகாது. பால் கேனில் பிடிபட்ட நஞ்சுக்கு மூலமான மூட்டை எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று திரும்பிப் போகும் பாதை இன்று பெரும்பாலும் இல்லை. ஆலை அரைத்த கலப்புத் தீவனத்தில் பெயராவது அச்சடித்திருக்கும். சந்தையில் அவிழ்த்துக் கொட்டிய புண்ணாக்குக்கு ஊர் ஏது?

பெல்ஜியம் இந்தப் பாதை இல்லாத விலையை 1999-இல் கொடுத்தது. தீவனத்தில் சேர்க்கும் கொழுப்பில் டையாக்சின் கலந்து, கோழி, முட்டை, பன்றி என்று பரவி, எது கெட்டது எது நல்லது என்று பிரிக்க முடியாமல் கடைகளிலிருந்து மொத்தமாக அகற்ற வேண்டிவந்தது. உணவுக்கும் தீவனத்துக்கும் சேர்த்து, யாரிடம் வாங்கினேன், யாருக்கு விற்றேன் என்பதை ஒவ்வொருவரும் காட்ட வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2002-இல் பிறந்தது இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்துதான். மனிதர் தின்பதையும் மாடு தின்பதையும் அது ஒரே சட்டத்துக்குள் வைத்தது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தட்டில் விழுவதைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. பால் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் புண்ணாக்கு மூட்டையையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

ரசீதும் பதிவேடும் ஒழுங்காக இருந்தால் போதாதா, இந்தக் கருவியெல்லாம் எதற்கு என்று ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பதிவேடு வேண்டும்தான். ஆனால் பொய்ச் சரக்கை விற்பவர் பொய் ரசீதும் எழுதுவார். ஆய்வகத்தின் வேலை அந்த ரசீதைச் சந்தேகிப்பது. இன்னொரு மறுப்பு செலவைப் பற்றியது. இதற்கு மது உலகின் அனுபவம் பதில் சொல்கிறது. பிரான்சின் நாந்த் நகரில் மார்ட்டின் தம்பதியர் 1980களில் வளர்த்தெடுத்த டியூட்டீரிய அளவீடு, திராட்சை மதுவில் சர்க்கரை கலந்ததைக் காட்டிக்கொடுத்தது. அதை நடைமுறையில் நிறுத்தியது கருவியைவிட முக்கியமான ஒன்று: 1991 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நடத்திவரும் ஐசோடோப்பு மது வங்கி. ஒவ்வோர் ஆண்டும் அதிகாரிகள் நேரில் நின்று திராட்சை பறித்து, மதுவாக்கி, அளந்து சேர்க்கிறார்கள். ஓர் ஆண்டின் மழை அடுத்த ஆண்டைப் போல இருப்பதில்லை என்பதால் வங்கி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஒப்பிட உண்மைச் சரக்கு கையில் இல்லாத ஆய்வகம், எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வைத்திருந்தாலும் எண்ணை மட்டுமே சொல்லும். ஊரைச் சொல்ல அதனால் ஆகாது.

மதுரைக்கு அப்படியொரு மாதிரி வங்கி எட்டாக் கனி அன்று. அளக்கும் கருவிகள் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் இருக்கின்றன. இந்திய நீர்நிலைகளின் ஐசோடோப்பு விகிதங்களைத் தொகுத்த தேசியத் திட்டத்தை நடத்திய அனுபவமும் அகமதாபாத்துக்கு உண்டு. மாதிரி எடுக்கும் வேலைக்கு 1965-இல் தொடங்கிய மதுரை வேளாண்மைக் கல்லூரி பாசனப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. புவிசார் குறியீடு கோரும்போது கண்காணிப்பு ஏற்பாட்டைக் குறிப்பிட வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அந்த ஏற்பாடு குழுவின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் இத்தனை மாதிரி என்று எண்ணிக்கையோடு எழுதப்பட வேண்டும். செலவைச் சிறு விவசாயியின் தலையில் கட்டாமல், குறியீட்டுப் பெயரை அச்சிட்டு விற்கும் பெரிய வணிகரிடமும் அரசிடமும் பெற வேண்டும்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். மேலூர்க் கால்வாய் திறக்கும் நாளில் பேரணையிலும் கள்ளந்திரியிலும் கடைமடைக் கண்மாயிலும் தண்ணீர். தையில் அதே மடைகளின் நெல்லும் வைக்கோலும். அந்த வைக்கோல் எந்தத் தொழுவத்துக்குப் போகிறதோ அங்கே தீவனமும் பாலும். மலைமேல் பூம்பாறையில் இரண்டு போகத்துப் பூண்டு. வடுகபட்டியில் இறங்கும் வடக்கத்திச் சரக்கிலும் ஒரு கூறு, ஏனெனில் போலியின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். பெரியாற்றுத் தண்ணீர் வராமல் கால்வாய் பூட்டிக் கிடக்கும் ஆண்டில் இந்த வேலையை நிறுத்திவிடக் கூடாது. கிணற்று நீரில் தப்பிப் பிழைத்த அந்த ஆண்டின் நெல் முற்றிலும் வேறு எண்ணைக் காட்டும். அதைக் குறித்து வைக்காவிட்டால், அடுத்த வறட்சியில் மேலூர் விவசாயி தன் சொந்த வயலின் நெல்லுக்கே அன்னியனாக நிறுத்தப்படுவார்.